இல்லம் கட்டுவதா, இடம் கொடுப்பதா? எச்.ஐ.வி. உள்ளோரும் நம் வழிபாட்டுத் தலங்களும்

காளையார்கோவிலுக்கு வந்து ஈகையைப் பற்றி யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. இங்கே வானுயர நிற்கும் கோபுரத்தோடு தம் பெயர் சேர்ந்து நிலைத்த மருது சகோதரர்கள், சருகணித் தேவாலயத்துக்கும் மானியம் விட்டவர்கள். சுற்றியுள்ள நகரத்தார் ஊர்களில் வணிக வருவாயில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கிக் கோயிலும் விடுதியும் பள்ளியும் நடத்திய வழக்கம் தலைமுறைகளாக உண்டு. ஈகை பழகிய மண் இது. ஆனால் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்கிறவர்கள் விஷயத்தில், பழகிய இந்த ஈகை மட்டும் போதாது. சில இடங்களில் அது தீங்காகவும் முடியும். சமய நிறுவனங்களிடமிருந்து இன்று அவர்களுக்கு முதன்மையாகத் தேவைப்படுவது தனி இல்லமும் நலத்திட்ட உதவியும் அல்ல. ஊரில் எல்லோருக்கும் உள்ள இடம், எந்தக் கேள்வியும் இல்லாமல், அவர்களுக்கும் இருக்க வேண்டும் என்பதே. இந்தச் சொற்பொழிவில் நான் நிலைநாட்ட முயல்வது இந்த ஒன்றைத்தான்.

மருத்துவம் எங்கே வந்து நிற்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் நம்மில் பலருடைய மனத்தில் இந்த நோயைப் பற்றிய படம் 1990களிலேயே நின்றுவிட்டது. இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோது தெரியவந்தது. அடுத்த பதினெட்டு ஆண்டுகளுக்கு ஏழைகளுக்கு மருந்து எட்டாக்கனிதான். காசநோய்க்காக 1928இல் தொடங்கிய தாம்பரம் மருத்துவமனைக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் நோயாளிகள் வந்து குவிந்த காலம் அது. 2004 ஏப்ரல் மாதம் முதல் அரசு ஏ.ஆர்.டி. என்னும் கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. தாம்பரம் அதன் முதல் மையங்களில் ஒன்று. இன்று மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரையை நாளுக்கு ஒருமுறை விழுங்கினால் போதும். தவறாமல் சாப்பிடுகிறவர் மற்றவர்களைப் போலவே உழைத்து, குடும்பம் நடத்தி, முதுமை காணலாம். அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. ஒன்பது நாடுகளில் 1,763 இணையர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில் சென்னையும் ஓர் ஆய்வுக்களம். தொடக்கத்திலேயே மருந்து எடுத்தவரிடமிருந்து துணைவருக்குத் தொற்று போவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011இல் அது காட்டியது. ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உடலுறவு வழியாகத் தொற்றுவதே இல்லை என்று அதன் பின் ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகள் 2019க்குள் உறுதி செய்துவிட்டன. உடலுறவிலேயே தொற்றாது என்று ஆனபின், ஒரே குடத்துத் தண்ணீரையும் ஒரே பந்தியையும் பற்றிய அச்சத்துக்கு எங்கே இடம்? அந்த அச்சத்துக்கு என்றைக்குமே அறிவியல் ஆதாரம் இருந்ததில்லை.

ஆனாலும் அது போகவில்லை. இந்தியாவில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இத்தொற்றோடு வாழ்கிறார்கள். அவர்களில் மிகப் பலர் தம் நிலையை மிக நெருங்கிய ஓரிருவருக்கு அப்பால் சொல்வதில்லை. சொந்த ஊரில் மருந்து வாங்கினால் தெரிந்துவிடும் என்று அடுத்த மாவட்டத்து மையத்துக்குப் பேருந்து ஏறுகிறவர்கள் இருப்பதை ஏ.ஆர்.டி. மையங்களில் பணிபுரிகிறவர்கள் நன்கு அறிவார்கள். இந்த அச்சம் கிருமியைப் பற்றியதாக மட்டும் இருந்தால் துண்டுப் பிரசுரங்களே அதைத் தீர்த்திருக்கும். இதற்குள் பாவம், தண்டனை, தீட்டு, மானம் என்ற நான்கும் கலந்திருக்கின்றன. இவை மருத்துவமனையில் பிறந்தவை அல்ல. கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் ஊர்ச்சாவடியும் காலங்காலமாகப் பேசிவந்த மொழியிலிருந்து வந்தவை. அரசும் அதே மொழியைத்தான் கையிலெடுத்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்று சுவரெல்லாம் எழுதியது. 2000களின் தொடக்கத்தில் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று ஒரு விளம்பரம் பேருந்து முதுகிலெல்லாம் கேட்டது. அந்த விளம்பரம் நோயைப் பேசுபொருளாக்கியது என்பதை மறுக்க முடியாது. ஆணுறையைப் பற்றி வாய்திறக்கவே கூசிய சமூகத்தைப் பேசவைத்தது. கூடவே, தொற்று உள்ளவர் என்றால் ஊர் மேய்ந்தவர் என்ற எண்ணத்தையும் அது ஆழமாகப் பதித்துவிட்டது என்பது என் கருத்து. கடைசியில் அந்தப் பழியைச் சுமந்தவர்களில் பெரும்பகுதி வீட்டைவிட்டு வெளியே போகாத மனைவியரும், பிறப்பிலேயே தொற்றுப் பெற்ற பிள்ளைகளும்தான்.

பழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 1980களின் இறுதியில், தொற்று கண்டறியப்பட்ட பெண்கள் அந்த ஒரே காரணத்துக்காகக் காப்பகத்திலிருந்து வெளியே விடப்படாமல் அடைத்து வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்த பின்பே 1990இல் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அடைத்து வைத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். சமூகத்தைக் காப்பதாகவும் அந்தப் பெண்களைப் பராமரிப்பதாகவும் அவர்கள் மனதார நம்பியிருக்கக் கூடும். பராமரிப்பு என்ற பெயரிலேயே பிரித்துவைத்தலும் நடக்கும் என்பதால்தான் இந்த நிகழ்ச்சியை நினைவூட்டுகிறேன்.

இதற்கு நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இன்னும் பழைய வரலாறு உண்டு. மானாமதுரையில் தயாபுரம் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. சமயப் பற்றினால் மனிதர்கள் செய்த பணிகளில் தொழுநோயாளரைத் தொட்டுப் பராமரித்ததைவிட உயர்ந்தது அதிகம் இல்லை. அன்று வேறு எவரும் தொடவில்லை. அந்தப் பணியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதன் வடிவத்தை நாம் ஆராய வேண்டும். நோயாளி ஊரைவிட்டு வெளியேறினார், சமயப் பணியாளர்கள் ஊருக்கு வெளியே அவருக்கு ஓர் இடம் அமைத்தார்கள், ஊர் நன்கொடை அனுப்பியது. எல்லோரும் தத்தம் கடமையைச் செய்துவிட்டதாக நிம்மதி அடைந்தார்கள். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. தொழுநோய் மாதக்கணக்கில் குணமாகும் நோயாயிற்று. குணமானவர்கள் ஊர் திரும்பினார்களா? தமிழ்நாட்டில் தொழுநோய்க் குடியிருப்புகள் இன்றும் இருக்கின்றன; அங்கே பேரன் பேத்திகள் வரை பிறந்து வளர்கிறார்கள். நோய் போன பிறகும் வேலி நிற்கிறது. மருந்தால் முடிகிற வேலை முடிந்தபின் எஞ்சுவது ஊரின் வேலை. ஊர் அதைச் செய்யத் தவறினால் எவ்வளவு கருணையாலும் அதை ஈடுகட்ட முடியாது.

எச்.ஐ.வி. விஷயத்திலும் நாம் அதே பாதையில்தான் புறப்பட்டோம். மருந்து இல்லாத காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. சாகக் கிடந்தவர்களை வீடு கைவிட்டபோது கன்னியர் மடங்களும் துறவு சபைகளும் படுக்கை கொடுத்தன. 2005இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை எச்.ஐ.வி. பற்றித் தனிக் கொள்கையே வெளியிட்டது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் சமூகப் பராமரிப்பு மையங்கள் பலவற்றைக் கிறித்தவ அமைப்புகள் நடத்தின. 2013 வாக்கில் படுக்கை வசதியுள்ள அந்த மையங்களின் காலம் முடிந்தது; வீடு தேடிப்போய் ஆலோசனை சொல்கிற ஆதரவு மையங்கள் அவற்றின் இடத்துக்கு வந்தன. இந்த மாற்றம் சரியானது. ஆப்பிரிக்கா இதை முன்பே கண்டுகொண்டது. ஜாம்பியாவில் இரட்சணிய சேனை நடத்தும் சிக்கன்காட்டா மருத்துவமனை 1987லேயே தனி வார்டு கட்டும் யோசனையை ஒதுக்கிவிட்டு நோயாளிகளை அவரவர் வீட்டிலேயே பராமரிக்கும் முறையைத் தொடங்கியது. வீட்டுக்குச் செவிலியர் வந்து போனால் அண்டை அயலாரும் பார்ப்பார்கள், பார்த்தால் கற்பார்கள். சுற்றுச்சுவர் எழுப்பிய இல்லத்திலிருந்து ஊர் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

தாய்லாந்தின் இரண்டு அனுபவங்களை இங்கே அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன். லோப்புரியில் ஒரு பௌத்த மடம் 1992இல் எய்ட்ஸ் நோயாளிகளுக்குக் கதவைத் திறந்தது. கைவிடப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அங்கே கடைசி நாள்களைக் கழித்தார்கள். உலகமே போற்றியது, நன்கொடை பெருகியது, பார்வையாளர்கள் பேருந்துகளில் வந்தார்கள். இறந்தவர்களின் உடல்கள் பதப்படுத்தப்பட்டுக் காட்சிக்கும் வைக்கப்பட்டன. 2025இல் அதன் தலைமைத் துறவியாக இருந்தவர் நிதி முறைகேட்டுக் குற்றச்சாட்டில் கைதானார். வழக்கின் முடிவு எதுவாகவும் இருக்கட்டும். துன்பத்தை ஓரிடத்தில் குவித்து, அதைக் காட்டி, அதன் பேரில் பணம் திரட்டும் ஏற்பாட்டில் இத்தகைய ஆபத்து எப்போதும் ஒளிந்திருக்கிறது. இன்னொன்று வடக்கே, சியாங்மாயில் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய சங்க மேத்தா என்ற பணி. அதில் துறவிகளுக்குப் பயிற்சி அளித்தார்கள். பயிற்சி பெற்ற துறவிகள் கட்டடம் எதையும் எழுப்பவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்கள் சமைத்த உணவை ஊரார் பார்க்கப் பிச்சைப் பாத்திரத்தில் ஏற்றார்கள், உண்டார்கள். பௌத்த நாட்டில் துறவிக்கு உணவிடுவது புண்ணியம். துறவி அதை ஏற்க மறுத்தால் கொடுப்பவருக்குப் பெரும் இழிவு. ஆயிரம் சுவரொட்டிகள் சொல்லியும் கேட்காத ஊர், துறவி சாப்பிட்டதைப் பார்த்துக் கேட்டது. அரசோ மருத்துவரோ செய்ய முடியாத ஒன்றை அவர்கள் செய்தார்கள், அதுவும் செலவே இல்லாமல்.

நம் ஊரிலும் இத்தகைய அதிகாரம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். எங்கெல்லாம் மனிதர் ஒதுக்கப்படுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றில் பாகுபாடு கூடாது என்று சொல்வதோடு அது நிற்கவில்லை. கிணறு, குளம், படித்துறை, சாலை, இடுகாடு, இறுதிச் சடங்கு ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இந்தப் பட்டியலில் எத்தனை இடங்களுக்குக் காவல்துறை போக முடியும்? படித்துறையும் இடுகாடும் அன்னதானக் கூடமும் ஊர்க்கமிட்டியின் கையில், ஜமாத்தின் கையில், பங்குப் பேரவையின் கையில் இருக்கின்றன. மையித்தைக் குளிப்பாட்ட ஆள் வருமா, பிணத்துக்குத் தோள் கொடுக்க ஆள் வருமா என்பதைச் சட்டம் தீர்மானிக்காது. கையுறையும் வழக்கமான முன்னெச்சரிக்கையும் இருந்தால் எந்த உடலையும் உரிய மரியாதையோடு குளிப்பாட்டலாம், எல்லோரையும் போல அடக்கம் செய்யலாம் என்பதை உலமா ஒருவர் வெள்ளிக்கிழமை உரையில் சொன்னால் இளையான்குடியில் அது ஒரே வாரத்தில் வழக்கமாகிவிடும்.

இதற்கு எழும் மறுப்புகளை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. ஒழுக்கத்தைக் காக்க வேண்டிய சமயமே கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டால் ஒழுக்கம் தளராதா என்பது முதல் மறுப்பு. கேட்பவர்களில் நல்ல நோக்கம் உள்ளவர்களும் உண்டு. அவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் தொற்றுள்ளோரில் ஐந்தில் இருவருக்கு மேல் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் தாலி கட்டிய கணவனிடமிருந்து தொற்றுப் பெற்றவர்கள். கற்பைப் போதித்த சமயம் கற்போடு இருந்தவளையே ஒதுக்குகிறது என்றால் அந்தப் போதனையின் நிலை என்ன? தவறியவர்களையே எடுத்துக்கொண்டாலும், பழிச்சொல் எவரையும் திருத்தியதற்குச் சான்று இல்லை. பரிசோதனைக்குப் போகவிடாமல் தடுத்ததற்குத்தான் சான்றுகள் இருக்கின்றன. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குப் போகாதவருக்குத் தன் நிலை தெரியாது, தெரியாதவர் மருந்து எடுக்க மாட்டார், மருந்து எடுக்காதவரிடமிருந்துதான் தொற்று பரவும். வளைகுடா நாடுகள் வேலைக்கு வருகிறவர்களைச் சோதித்துத் தொற்று இருந்தால் திருப்பி அனுப்புகின்றன. சிவகங்கைச் சீமையிலிருந்து எத்தனை பேர் அங்கே போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். விமானத்திலிருந்து இறங்கி வருகிறவருக்கு ஊரில் காத்திருப்பது ஏச்சுதான் என்றால் அவர் மனைவியிடம்கூட உண்மையைச் சொல்ல மாட்டார். ஒழுக்கத்தின் பெயரால் நாம் வளர்ப்பது நோயைத்தான்.

இரண்டாவது மறுப்பு எனக்கே கடினமானது. சேர்த்துக்கொள்ள வேண்டுமானால் யாருக்குத் தொற்று இருக்கிறது என்று தெரிய வேண்டாமா, தெரிவதே அவர்களுக்கு ஆபத்து அல்லவா என்பது அது. என் வாதம் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. தெரிய வேண்டியதில்லை என்பதே என் விடை. பந்தியில் யார் வந்து உட்கார்ந்தாலும் இலை போடுவது என்று முடிவெடுத்துவிட்டால், உட்கார்ந்திருப்பவரின் ரத்தப் பரிசோதனை யாருக்கும் தேவைப்படாது. தன் நிலையை வெளியிடுமாறு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமும் சொல்கிறது. இந்த இடத்தில்தான் நம் பழகிய ஈகை இடறுகிறது. டிசம்பர் முதல் நாள் எய்ட்ஸ் தினத்தன்று மேடை போட்டுப் பயனாளிகளை வரிசையில் நிறுத்தி, தையல் எந்திரமும் புடவையும் கொடுத்து, படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கொடுப்பவரின் மனம் தூயதாகவே இருக்கட்டும். அந்தப் படம் அந்தப் பெண்ணின் பிள்ளைகளைப் பள்ளி வரைக்கும் துரத்தும். கல்வெட்டில் பெயர் பொறித்துப் பழகிய நமக்கு, பெயர் தெரியாதவருக்குப் பெயர் சொல்லாமல் கொடுப்பது கடினம்தான். ஏழைப் பிள்ளைகளுக்கான கல்வி உதவியை நோயைக் குறிப்பிடாத பொது நிதியிலிருந்து கொடுங்கள், பேருந்துக் கட்டணத்தை அஞ்சலகக் கணக்கில் போடுங்கள், விழா எடுக்காதீர்கள். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையினரிடமும் இதையே வேண்டுகிறேன்.

சமயத்தை இதற்குள் இழுத்தால் மருந்தை நிறுத்தச் சொல்லும் ஜெபக் கூட்டங்களும் மந்திரிப்பும் லேகியமும் சேர்ந்து வருமே என்பார்கள் மருத்துவர்கள். அவர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. கூட்டு மருந்தைப் பாதியில் நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாத வடிவமும் எடுக்கும். குணமாகிவிட்டது என்று மேடையில் சாட்சி சொல்ல வைத்து மாத்திரையை நிறுத்தச் செய்வது கொலைக்கு நிகர். வேறு சொல்லால் அதை மென்மையாக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்தக் குரலை எதிர்த்துப் பேசினால் எடுபடக்கூடிய குரல் எது? மருத்துவரின் குரலைவிடப் போதகரின், பூசாரியின், இமாமின் குரல்தான். உகாண்டாவில் இஸ்லாமிய மருத்துவச் சங்கம் 1990களில் இமாம்களுக்குப் பயிற்சி அளித்து வீடு வீடாக அனுப்பியது. அதே நாட்டில் ஆங்கிலிக்கன் குரு கிடியோன் பியாமுகிஷா 1992இல் தமக்குத் தொற்று இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். ஆப்பிரிக்கச் சமயத் தலைவர்களில் அப்படிச் சொன்ன முதலாமவர் அவர். 2003இல் அவர் முன்னின்று தொடங்கிய அமைப்பில் தொற்றுள்ள, தொற்றால் பாதிக்கப்பட்ட சமயத் தலைவர்கள் பலர் சேர்ந்தார்கள். ஆணுறை பற்றிய பிணக்கு தனி. கத்தோலிக்கத் திருச்சபைக்கும் பொதுச் சுகாதாரத் துறைக்கும் அதில் ஒத்த கருத்து இல்லை. 2009இல் திருத்தந்தை பெனடிக்ட் ஆப்பிரிக்கப் பயணத்தில் சொன்ன சொல் உலகெங்கும் சர்ச்சையானது, அடுத்த ஆண்டே அவர் சற்று நெகிழ்ந்து பேசினார். ஒவ்வொரு சமயமும் ஆணுறையை ஆதரித்துப் பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எதிர்த்துப் பேசாமல் அதைச் சுகாதாரத் துறையிடம் விட்டுவிட்டால் போதும்.

இந்துக் கோயிலுக்குச் சபை கிடையாது, உறுப்பினர் பதிவேடு கிடையாது, யார் யாருக்கு எடுத்துச் சொல்வது என்றும் கேட்கலாம். 2008இல் பெங்களூரில் இந்து சமயத் தலைவர்கள் கூடி எச்.ஐ.வி. பற்றிப் பேசினார்கள், நல்ல முயற்சிதான், ஆனால் தலைவர்கள் மட்டத்துப் பேச்சு மண்டகப்படிக்காரர் வரை வந்து சேர்வதில்லை. கீழே அமைப்பு இல்லாமல் இல்லை. திருவிழாக் குழு இருக்கிறது, வரி வசூலிக்கும் ஊர்க்கூட்டம் இருக்கிறது, முளைப்பாரி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள், அன்னதானப் பொறுப்பாளர் இருக்கிறார். குன்றக்குடி அடிகளார் ஆதீனத்தை நடுவில் வைத்து ஒரு கிராமத்தின் தொழிலையும் வேளாண்மையையும் திட்டமிட்டுக் காட்டியது இதே மாவட்டத்தில்தான். மடம் ஒன்று கூட்டுறவுச் சங்கம் நடத்த முடியுமானால் பந்தியில் பாகுபாடு கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு தீர்மானமும் கொண்டுவர முடியும். திருவிழாவும் இதற்கு இடம் கொடுக்க முடியும். கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழாவை ஒட்டிச் சுகாதாரத் துறையும் தொண்டு நிறுவனங்களும் ஆண்டுதோறும் பரிசோதனையும் விழிப்புணர்வும் நடத்துகின்றன. திருவிழாவின் புனிதம் அதனால் குறைந்துவிடவில்லை.

கடைசியாக, நாம் இன்னும் எண்ணிப் பார்க்காத ஒன்று நம் வாசலுக்கு வந்துவிட்டது. 1990களிலும் 2000களிலும் தொற்றோடு பிறந்த பிள்ளைகள் மருந்தின் பயனால் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். அவர்களுக்கு இப்போது திருமண வயது. அன்று அவர்களுக்காகக் கட்டிய இல்லங்களால் கல்யாணம் செய்துவைக்க முடியாது; உறவும் ஊரும் சமயமும்தான் அதைச் செய்ய முடியும். திருமணத்துக்கு முன் எச்.ஐ.வி. சான்றிதழ் கட்டாயம் என்ற யோசனை சமய அமைப்புகளில் அவ்வப்போது எழுகிறது. தகவலறிந்த ஒப்புதல் இல்லாமல் பரிசோதனை கூடாது என்ற சட்டத்துக்கு அது முரண். அதோடு, பரிசோதனையன்று தொற்று இல்லை என்பது நாளைக்கு உறுதியும் ஆகாது. இரு வீட்டாரும் பெண்ணும் மாப்பிள்ளையும் தாமாக நம்பிக்கை மையத்துக்குப் போய் ஆலோசனை பெறும்படி குருக்களும் போதகரும் ஜமாத் தலைவரும் பழக்கப்படுத்தலாம். தொற்றுள்ள இருவர் ஒருவரையொருவர் விரும்பினாலும், ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்து மற்றவர் தெரிந்தே சம்மதித்தாலும், மருந்தை ஒழுங்காக எடுத்தால் தொற்றில்லாத பிள்ளை பிறக்க எல்லா வாய்ப்பும் உண்டு என்பதைச் சொல்லிக்கொடுக்கலாம். அப்படி வருகிற இணைக்கு மேளம், ஓலை, நிக்காஹ் என அந்தந்த வழக்கப்படி, எல்லோருக்கும் நடப்பது போல, முகூர்த்தம் குறித்துக் கொடுப்பதற்கு எந்தச் சமயத்தின் நூலிலும் தடை இல்லை. வரும் தை மாதத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்.